இயன் கர்ட்டிஸ்

பாடகர் பாடும் பாட்டைக் கேட்டு மகிழும் நாம், அவர் படும் பாட்டைப் பெரும்பாலும் அறிவதில்லை. இவ்வுண்மையை இங்கிலாந்து தேசத்துப் பாடகர் இயன் கர்ட்டிஸின் சரிதத்தில் நாம் தெளிவுறக் காண்கின்றோம்.

இவர் 1956-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் மாஞ்செஸ்டர் நகரை அடுத்த ஸ்ட்ரெட்போர்டில் பிறந்தார். பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற மாக்கிள்ஸ்பீல்டில் வளர்ந்தார். இளமையிலேயே கவி புனைவதில் பெருவிருப்புடையவர். பத்தொன்பதாம் வயதில் இல்லறம் புகுந்தார். அரசாங்க வேலைவாய்ப்பு நிலையத்தில், உடற்குறையுடையோர்க்குத் தொழில் தேடித் தரும் அலுவலையும் ஏற்றிருந்தார். அங்கே காக்கை வலிப்பால் வருந்திய இளநங்கை ஒருத்தி அவர்பால் உதவி நாடி வந்தாள். அவள் இறந்தாள் என்று கேட்டு உள்ளம் நைந்தார், அத்துயரத்தைப் பாடலாக்கினார்.

1976-ஆம் ஆண்டில் பெர்னார்டு சம்னர், பீட்டர் ஹுக் என்போரோடு நட்புற்றார். பின்னர் ஸ்டீபன் மாரிஸும் சேர, 1978 முதல் அவர்கள் குழு ஜாய் டிவிஷன் என்னும் பெயர் பூண்டது. 1979-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டுத் தொகுதியில் மார்ட்டின் ஹானட் என்பார் மின்னொலிக் கருவிகளைத் திறம்படக் கையாண்டார். அவ்வொலிகளின் நடுவே கர்ட்டிஸின் ஆழ்ந்த குரல் தனித்து நின்றது.

அந்தோ! அந்நங்கையை வருத்திய நோயே இவரையும் பற்றியது. 1979-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மருத்துவர் அதனை உறுதி செய்தனர். மேடையில் இவர் கைகளைச் சுழற்றி ஆடுவது வழக்கம். சிற்சில வேளை ஆட்டம் மெய்யான வலிப்பாகவே மாறியது. அவையோருட் பலர் அதனையும் கலையென்றே எண்ணி ஆரவாரித்தனர். உறக்கமின்மை, மருந்துகளால் நேர்ந்த சோர்வு, இல்லறத்தில் எழுந்த பிளவு ஆகிய யாவும் ஒருங்கே வருத்த, அமெரிக்கப் பயணத்திற்கு முந்திய நாளாகிய 1980 மே 18-ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்பொழுது அவர்க்கு வயது 23. ஓராண்டே நிரம்பிய பெண்மகவு தந்தையை இழந்தது.

இரண்டு திங்களுக்குப் பின் இரண்டாம் தொகுதி வெளியாயிற்று. நண்பர்கள் நியூ ஆர்டர் என்னும் புதுப்பெயருடன் மின்னிசையையே பெரிதும் மேற்கொண்டு, 1983-இல் புளூ மண்டே என்னும் பாடலால் உலகப் புகழெய்தினர். ஆயினும் அவர்தம் பாடல்களிற் பொதிந்திருந்த துயரத்தை உரிய காலத்தில் உணர்ந்திலோமே என்று அவர்கள் பின்னாளில் வருந்தினர்.

அன்பர்களே! பிறர் நோயைத் தம் நோய்போற் கருதிய ஒருவரின் நோயைக் கூடியிருந்தோர் அறிந்திலர். நம் விடுதியிலும் வகுப்பிலும் நகைமுகத்தோடு அல்லற்படுவோர் இருத்தல் கூடும். கைதட்டும் முன் அவர் முகத்தை ஒருகால் உற்று நோக்குவோமாக.