அன்னையர் தினத்தை உருவாக்கியவரே அதை ஒழிக்கக் கையெழுத்து கேட்டது ஏன்? யார் இந்த அன்னா ஜார்விஸ்?

மே மாதம் இரண்டாவது ஞாயிறு வந்தால் போதும், வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் முழுக்க அம்மா படம்தான். நகைக்கடை முதல் கேக் கடை வரை ஆஃபர். இந்த நாளைக் கொண்டுவந்த அன்னா ஜார்விஸ் இதைப் பார்த்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார்.

அன்னா 1864-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தார். அவருடைய அம்மா ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் பெற்ற பிள்ளைகள் பத்துக்கும் மேல். ஆனால் வளர்ந்து ஆளானது நாலே பேர். மற்றவர்களைப் பெரும்பாலும் தொற்றுநோய்கள் கொண்டுபோயின. அந்த வேதனையோடு ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டி, சுத்தமான தண்ணீர், கலப்படமில்லாத பால் என்று சுகாதார வேலையில் இறங்கினார் அந்தத் தாய். உள்நாட்டுப் போரில் இரு தரப்புச் சிப்பாய்களையும் அந்தப் பெண்கள் கவனித்துக்கொண்டார்கள். தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி நடத்திய அவர், தாய்மார்களுக்கென ஒரு நாள் வர வேண்டும் என்று ஒருமுறை ஜெபித்தாராம். சிறுமி அன்னா அதை மறக்கவே இல்லை.

1905 மே 9 அன்று அம்மா இறந்தார். 1908 மே 10 அன்று, கிராஃப்டன் நகரில் அம்மா பாடம் நடத்திய மெத்தடிஸ்ட் தேவாலயத்தில் முதல் அன்னையர் தின ஆராதனை நடந்தது. அன்னா நேரில் வரவில்லை. அம்மாவுக்குப் பிடித்த வெள்ளை கார்னேஷன் பூக்கள் 500 அனுப்பிவைத்தார். ஓயாமல் கடிதம் எழுதி, தலைவர்களை நச்சரித்து, 1914-ல் அதிபர் உட்ரோ வில்சனின் அறிவிப்பையும் வாங்கிவிட்டார்.

(பிரிட்டனின் 'மதரிங் சண்டே' வேறு. அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நான்காவது ஞாயிறு, தாய்த் திருச்சபையோடு சேர்ந்த பழைய வழக்கம். அன்னாவைப் பற்றிய செய்தியைப் படித்த கான்ஸ்டன்ஸ் ஸ்மித் என்ற பெண்தான் அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தார்.)

அப்புறம்தான் சிக்கல். பூக்கடைக்காரர்கள் கார்னேஷன் விலையை ஏற்றினார்கள். மிட்டாய், வாழ்த்து அட்டை வியாபாரம் பெருகியது. அம்மாவுக்குக் கையால் நாலு வரி எழுத முடியாத சோம்பேறிகளுக்குத்தான் அச்சடித்த அட்டை என்பது அன்னாவின் கருத்து. வழக்குப் போடுவதாக மிரட்டினார். 1925-ல் கார்னேஷன் விற்று நிதி திரட்டிய ஓர் அமைப்பின் மாநாட்டுக்குள் புகுந்து ரகளை செய்ததாகக் கைதும் ஆனார். கொஞ்சம் பிடிவாதக்காரர்தான். தன் அனுமதியில்லாமல் நல்ல காரியத்துக்குக்கூட யாரும் அந்த நாளைத் தொடக்கூடாது என்றிருந்தார்.

1940-களில் அன்னையர் தினத்தையே ரத்து செய்யச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து கேட்டார். சொத்தெல்லாம் இந்தப் போராட்டத்திலேயே கரைந்துவிட்டது. கல்யாணமும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பென்சில்வேனியாவில் ஒரு காப்பகத்தில் 1948 நவம்பர் 24 அன்று, 84 வயதில் இறந்தார். அங்கே அவருக்கான செலவில் ஒரு பங்கைப் பூ வியாபாரிகள்தான் கட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. அது அவருக்குக் கடைசி வரை தெரியாதாம்.