ஒலியை ஒளியால் ஆராய்ந்த சேர் சி. வி. இராமன்

1888 நவம்பர் 7இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் கற்று, கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். உத்தியோகம் போக மிஞ்சிய நேரமெல்லாம் ஆய்வுகூடத்திலேயே கழிந்தது. வயலின், வீணை, மிருதங்கம் ஆகியவற்றின் ஒலியை ஆராய்ந்தார். ஒளிச் சிதறல் ஆய்வுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார்.

பிரட்டுத் தப்பின் ஓசை அடுத்த மலையை எட்டுமுன் நலிந்துவிடும் என்பதைத் தோட்டங்களில் வளர்ந்த நாம் அறிவோம். செவிக்கு எட்டாத கழியொலியும் பளிங்கினுள் செல்லச் செல்ல நலியும். மீடிறன் கூடினால் நலிவும் பொதுவாகக் கூடும். கேளாத ஒலியை எப்படி அளப்பது? கழியொலி செல்லும் ஊடகத்தினூடே ஒளியைச் செலுத்தினால் அது பல கிளைக்கதிர்களாகப் பிரியும். இதற்கான கணித விளக்கத்தை 1935–36இல் பெங்களூரில் இராமனும் நாகேந்திர நாத்தும் வகுத்தனர். கிளைக்கதிர் மங்குவதைக் கொண்டு பளிங்கில் ஒலியின் நலிவை அளக்கும் முறையும் பின்னர் வளர்ந்தது.

இதே மேதை, 1933இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர விரும்பிய கமலா பாகவத்தை, பெண் என்பதற்காக மறுத்தார். கமலா விடவில்லை. ஓராண்டு பரீட்சார்த்த நிபந்தனையோடு இடம் பெற்று, தம் உழைப்பால் திறமையை நிலைநாட்டினார். பீருமேட்டு மலையில் பிறந்த அன்னா மணி 1940இல் இராமனின் ஆய்வுகூடத்தில் சேர்ந்து வைரங்களையும் மாணிக்கங்களையும் ஆராய்ந்தார்.

இராமன் 1970 நவம்பர் 21இல் மறைந்தார். அவரது அறிவைப் போற்றும் நாம், அவர் அடைத்த கதவையும் அதைத் திறக்கவைத்த பெண்ணையும் நம் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்வோம்.