டார்வினை ஏமாற்றிய கோழிக்கால்

கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பூநாரையைத் தேடுவார்கள். வழியில் குப்பையைக் கிளறும் நாட்டுக்கோழியை யார் ஏறிட்டுப் பார்க்கிறார்கள்? அதன் கால் மஞ்சளாக இருந்தால் சற்று நின்று பாருங்கள். உலகமே போற்றும் மேதை ஒருவரின் கணக்கு அந்தக் காலில்தான் பிசகியது.

அந்த மேதை சார்லஸ் டார்வின். 1809 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தில் ஸ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். தந்தை டாக்டர். மகனையும் வைத்தியம் படிக்க அனுப்பினார். ரண சிகிச்சையைக் கண்டதும் பிள்ளைக்கு உடல் நடுங்கியது. படிப்பு பாதியில் நின்றது. பாதிரியாராகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அவரோ வண்டு பிடித்துக்கொண்டு திரிந்தார்! 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றினார். பிறகு டவுன் என்ற கிராமத்தில் குடியேறினார். அங்கே புறாவும் கோழியும் வளர்த்தார்.

அப்போது இங்கிலாந்தில் கோழிப் பைத்தியம் பிடித்திருந்தது. சீனத்திலிருந்து கொச்சின் கோழி கப்பலேறி வந்தது. கறிக்கு டார்க்கிங், முட்டைக்கு ஸ்பானிஷ் என்று வளர்த்தவர்கள் ஒரு பக்கம். அழகுக்காகவே வளர்த்த பிரபுக்கள் மறுபக்கம். சர் ஜான் செப்ரைட் என்பவர் இறகுக்கு இறகு கறுப்புக் கரை போட்ட குள்ளக் கோழியை உண்டாக்கினார். நம் ஊர்ப் புடவைக்குக் கரை வைப்பது போலத்தான்!

டார்வின் கவனித்தது வேறு. ஒன்றைப் பிடித்து இழுத்தால் இன்னொன்றும் கூடவே வருகிறது. முட்டைக்காகவே பொறுக்கி வளர்த்த ஜாதிகள் அடைகாக்க மறந்துவிட்டன. தலைக்கொண்டைக்காக வளர்த்த போலிஷ் கோழிக்கு மண்டை ஓடே புடைத்துக்கொண்டது. மனிதன் சில நூறு ஆண்டில் இவ்வளவு செய்தால், இயற்கை கோடானுகோடி ஆண்டில் என்னதான் செய்யாது?

கறுப்பு ஸ்பானிஷ் சேவலை வெள்ளைப் பட்டுக்கோழியோடு சேர்த்தார். பிறந்த குஞ்சுகளில் ஒன்று வளர்ந்து, காட்டுச் சேவலைப் போலச் சிவப்பும் பொன்னுமாக மின்னியது. பாட்டனின் சாயல் பேரனிடம் வந்துவிட்டது! எல்லா வீட்டுக்கோழிக்கும் மூதாதை செங்காட்டுக்கோழி ஒன்றே என்று 1868-இல் வெளியிட்ட நூலில் எழுதினார்.

நம் தென்னாட்டு மலைகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியோ? புதுச்சேரியில் இருந்த சோனரா என்ற பிரெஞ்சுக்காரர், 1782-இல் வெளியான தம் நூலில் அதையே வீட்டுக்கோழியின் மூதாதை என்று கருதியிருந்தார். டார்வின் அதைத் தள்ளிவிட்டார். காரணம் இருந்தது. இந்தச் சாம்பல் கோழியின் கலப்பினங்கள் இட்ட ஏறக்குறைய 500 முட்டைகளில் தேறிய குஞ்சுகள் 12 மட்டுமே. குரலும் வேறு, கழுத்திறகும் வேறு. அவர் முடிவு நியாயமானதுதான் என்பேன்.

1882-இல் டார்வின் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் சமாதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள்.

2008-இல் ஸ்வீடன் தேசத்து உப்சாலா சர்வகலாசாலை விஞ்ஞானிகள் கோழியின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தார்கள். பெரும்பங்கு செங்காட்டுக்கோழியுடையதுதான், அதில் டார்வின் ஜெயித்தார். ஆனால் தோலுக்கும் காலுக்கும் மஞ்சள் தரும் மரபணு மட்டும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருந்தது. அந்தப் பன்னிரண்டைப் போல எப்போதோ தப்பிப் பிழைத்த ஒரு குஞ்சு, நம் மலைக்கோழியின் சொத்தை உலகத்துக் கோழிக் கூண்டுகளுக்கெல்லாம் கொண்டுபோய்விட்டது!

இந்தச் சொத்து தாய், தகப்பன் இரண்டு வழியிலும் வந்தால்தான் கால் மஞ்சளாகும். அதுவும் தீனியைப் பொறுத்தது. கீரையும் மக்காச்சோளமும் தின்னும் கோழிக்குக் கால் பளிச்சென்று இருக்கும். விடாமல் முட்டையிடும் பெட்டைக்கோ நாளாக ஆகக் கால் வெளுத்துப்போகும். காலுக்குப் போகவேண்டிய மஞ்சளெல்லாம் கருவுக்குள் போய்விடுகிறது. சந்தையில் பெட்டை வாங்கும்போது காலைப் பார்த்து வாங்குகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.