மருத்துவ அறிஞர் சுப்பாராவ்

கோபிசெட்டிபாளையத்து வயல்வெளியில் வெறுங்காலுடன் நடக்கும் உழவரின் காலில் முள் தைத்தால், தைத்த இடம் சிவந்து வீங்கும். இதனை அழற்சி என்பர். அவ்விடத்தில் நுழையும் கிருமிகளை எதிர்க்க வெள்ளணுக்கள் திரள்கின்றன. எலும்பு மச்சையில் பிறக்கும் இவ்வணுக்கள் பெருகுவதற்கு வேண்டிய வளர்ச்சிப் பொருள்களுள் ஒன்று, நாம் நாள்தோறும் உண்ணும் கீரையிலேயே உள்ளது. போலிக் அமிலம் எனப்படும் அப்பொருளை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தார். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்று, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்து அறுவைப் பயிற்சிக்குச் சென்றமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாது, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. இதனினும் பெருந்துயர் இல்லத்தில் நேர்ந்தது. ஸ்புரூ என்னும் குடல்நோய் அவர்தம் உடன்பிறந்தார் இருவரைச் சில நாள்களுக்குள் கவர்ந்து சென்றது. பின்னர் அவரையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவத்தால் அவர் பிழைத்தார்.

அமெரிக்கா சென்ற சுப்பாராவ், இரவில் மருத்துவமனைப் பணியாளாக உழைத்துக்கொண்டே ஹார்வர்டில் கற்றார். 1925-இல் பிஸ்கே என்பவருடன் சேர்ந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை வெளியிட்டார். ஆயினும் அங்கு நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940-இல் லெடர்லே மருந்து நிறுவனத்தை அடைந்தார்.

அங்கே அவர்தம் குழு 1945-இல் போலிக் அமிலத்தை ஆக்கியது. ஸ்புரூ நோயாளரின் இரத்தச் சோகை அதனால் நீங்கியது. உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குள் கால் நூற்றாண்டு கழிந்திருந்தது!

இவ்வளர்ச்சிப் பொருளுக்கு மற்றொரு முகமும் உண்டு. வெள்ளணுப் புற்றுநோயில் முதிராத வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும். போலிக் அமிலம் அப்பெருக்கத்தை விரைவுபடுத்துவதாகப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் கருதினார். ஆகவே போலிக் அமிலத்தைப் போன்றே தோன்றி, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களைச் சுப்பாராவின் குழு ஆக்கி அவருக்கு அளித்தது. அவற்றுள் அமினோப்டெரின் என்பதைப் பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேர் சில காலம் நலமுற்றனர் என்று 1948-இல் ஃபார்பர் வெளியிட்டார். அதே குழு ஆக்கிய மெத்தோட்ரெக்ஸேட், வெள்ளணுப் புற்றுநோய்க்கும், குறைந்த அளவில் மூட்டழற்சிக்கும் இன்றும் வழங்கப்படுகிறது.

1948 ஆகஸ்டில், தம் 53-ஆம் வயதில், சுப்பாராவ் நியூயார்க்கில் உயிர் நீத்தார். தாயகத்தை விட்டுப் புறப்பட்ட நாள்முதல் அவர் ஒருமுறையேனும் திரும்பி வரவில்லை.