கடலடியில் ஒரு மூச்சு

நீண்ட குழாயின் ஒரு முனையை வாயில் வைத்துக்கொண்டு, மறுமுனையை நீருக்கு மேலே நீட்டிவைத்தால் கடலின் அடியில் நடந்து செல்லலாமே! சிறு வயதில் நம்மில் பலருக்கு இந்த எண்ணம் தோன்றியிருக்கும். ஆனால், ஓரிரு மீட்டர் ஆழத்திலேயே இந்த முயற்சி தோற்றுப்போகும். நீர் நெஞ்சை அழுத்தும். நுரையீரலால் மேலிருந்து காற்றை இழுக்க முடியாது. கடலில் 10 மீட்டர் ஆழத்திற்கு இறங்கினால், நிலத்தில் உள்ள காற்றழுத்தத்தைப் போல இரு மடங்கு அழுத்தம் உடலைச் சூழ்ந்துகொள்ளும். 20 மீட்டரில் அது மும்மடங்காகும். ஆகவே, நீருக்குள் இருப்பவருக்குக் காற்று கிடைத்தால் மட்டும் போதாது. அவரைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடான அழுத்தத்தில் அது கிடைக்க வேண்டும். இந்தச் சிக்கலுக்கு விடை தேடித் தம் உயிரையே பணயம் வைத்தவர்களுள் ஒருவர் ஜாக் ஈவ் குஸ்தோ.

குஸ்தோ 1910ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், பிரான்சின் போர்தோ நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். சிறு வயதில் அவர் அடிக்கடி நோய்வாய்ப்பட்டார். ஆயினும், இயந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதிலும் படம் பிடிப்பதிலும் அவருக்குத் தணியாத ஆர்வம் இருந்தது. 1930ஆம் ஆண்டு அவர் பிரெஞ்சுக் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். கடற்படை விமானி ஆக வேண்டும் என்பது அவருடைய கனவு. ஆனால், பயிற்சிக் காலத்தில் நேர்ந்த கார் விபத்து அந்தக் கனவைக் கலைத்துவிட்டது. அவருடைய கைகள் கடுமையாகக் காயமடைந்தன. கைகள் மீண்டும் வலுப்பெறுவதற்காக, தூலோன் நகரத்துக் கடற்கரையில் அவர் நாள்தோறும் நீந்தத் தொடங்கினார். 1936ஆம் ஆண்டில் ஒருநாள், நீச்சல் கண்ணாடி அணிந்து கடலுக்குள் முகத்தைத் தாழ்த்தினார். பாறைகளும் பாசிகளும் மீன்களும் தெளிவாகத் தெரிந்தன. வானில் பறக்க விரும்பியவருடைய வாழ்க்கை அன்றே கடலின் பக்கம் திரும்பியது.

குஸ்தோவுக்கு நண்பர்கள் இருவர் வாய்த்தனர். ஒருவர் கடற்படை அதிகாரி பிலிப் தய்யே. மற்றவர் திறமையான முக்குளிப்பாளர் ஃபிரெடெரிக் துமா. மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு முக்குளித்தனர். எவ்வளவு பழகினாலும், சிறிது நேரத்தில் மேலே வந்தே ஆக வேண்டியிருந்தது. நீரடியில் மூச்சுவிட ஒரு வழி வேண்டும் என்று குஸ்தோ எண்ணினார். முதலில், தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க உதவும் கருவி ஒன்றைச் செய்யச் சொல்லி, அதை அணிந்து சோதித்தார். அழுத்தம் கூடும்போது தூய ஆக்சிஜன் உடலுக்கு நஞ்சாக மாறிவிடும். ஏறத்தாழ 14 மீட்டர் ஆழத்தில் அவருக்கு வலிப்பு ஏற்பட்டது. நினைவு தப்புவதற்கு முன், இடுப்பில் கட்டியிருந்த எடையைக் கழற்றிவிட்டதால் அவர் மேலே மிதந்து உயிர் தப்பினார். கருவியைத் திருத்தியமைத்து மீண்டும் சோதித்தபோதும் வலிப்பு வந்தது. ஆக்சிஜன் வழி ஆபத்தான வழி என்பதை அவர் உணர்ந்தார்.

அடுத்து, மோரிஸ் ஃபெர்னே என்பவர் உருவாக்கிய கருவியைப் பயன்படுத்திப் பார்த்தார். படகில் இருக்கும் பம்பு காற்றை அழுத்தி, நீண்ட ரப்பர்க் குழாய் வழியாக நீருக்குள் அனுப்பும். முக்குளிப்பவர் அந்தக் குழாயிலிருந்து மூச்சை இழுத்துக்கொள்வார். நெடுநேரம் நீருக்குள் இருக்க இது உதவியது. ஒருநாள், 12 மீட்டர் ஆழத்தில் இருந்தபோது குஸ்தோவின் நெஞ்சில் திடீரென்று ஓர் அதிர்ச்சி. நீர்க்குமிழிகளின் ஓசை நின்றுவிட்டது. அவர் சட்டென்று தொண்டையை இறுக்கி மூச்சை அடக்கிக்கொண்டு, குழாயை இழுத்துப் பார்த்தார். அது எளிதாகக் கீழே இறங்கி வந்தது. நீர்மட்டத்திற்கு அருகில் குழாய் அறுந்துபோயிருந்தது!

குழாய் அறுந்தால் காற்று நின்றுபோவது மட்டுமே ஆபத்து என்று நாம் நினைக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. அறுந்த குழாய் வழியாக, நுரையீரல் மேலே உள்ள குறைந்த காற்றழுத்தத்தோடு நேரடியாக இணைந்துவிடும். வெளியே நீரோ இரு மடங்கிற்கும் அதிகமான அழுத்தத்தோடு நெஞ்சை நெருக்கும். குஸ்தோ தொண்டையை இறுக்காமல் இருந்திருந்தால் அவருடைய நுரையீரல் நசுங்கியிருக்கும். மற்றொரு நாள், துமா சுமார் 23 மீட்டர் ஆழத்தில் இருந்தபோது இதே விபத்து நேர்ந்தது. இம்முறை குஸ்தோ மேலே இருந்தார். குழாய் அறுவதைக் கண்டவுடன், அது மூழ்குவதற்குள் பற்றிக்கொண்டு பதற்றத்தோடு இழுத்தார். துமா அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டே, மூச்சுத் திணற மேலே ஏறி வந்தார். அவரும் நல்ல வேளையாகத் தொண்டையை இறுக்கியிருந்தார். மனிதனைப் படகோடு பிணைக்கும் குழாயே வேண்டாம் என்ற எண்ணம் குஸ்தோவின் மனத்தில் வேரூன்றியது.

குழாய் இல்லையென்றால், காற்றை உருளையில் அடைத்து முதுகில் சுமக்க வேண்டும். உருளையில் உள்ள காற்றின் அழுத்தமோ மிக அதிகம். அதைக் குறைத்து, மூச்சை இழுக்கும்போது மட்டும் தேவையான அளவில் தரும் ஒரு கருவி வேண்டும். இதுவே ‘ரெகுலேட்டர்’ எனப்படும் காற்றுச் சீராக்கி. இந்த எண்ணம் முற்றிலும் புதியது அன்று. பிரான்சின் சுரங்கப் பொறியாளர் பெனுவா ரூக்கேரோல் 1860ஆம் ஆண்டிலேயே அத்தகைய கருவியைச் சுரங்கத் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காக உருவாக்கியிருந்தார். 1864ஆம் ஆண்டில், கடற்படை அதிகாரி ஒகுஸ்த் தெனேரூஸ் அவரோடு சேர்ந்து அதை முக்குளிப்புக்கு ஏற்றவாறு மாற்றினார். ஆனால், அந்தக் காலத்தில் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும் உருளைகள் இல்லை. ஆகவே, அந்தக் கருவியும் பெரும்பாலும் மேலிருந்து வரும் குழாயையே நம்பியிருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சு ஜெர்மனியின் பிடியில் இருந்தது. பெட்ரோல் கிடைப்பது அரிதானது. பெட்ரோலுக்குப் பதிலாக எரிவாயுவைக் கொண்டு கார்களை ஓட்டுவதற்காக, பாரிஸ் நகரில் எமில் கன்யான் என்ற பொறியாளர் ஒரு சிறிய சீராக்கியை உருவாக்கியிருந்தார். இயந்திரம் கேட்கும்போது கேட்கும் அளவில் அது வாயுவைக் கொடுத்தது. கன்யான் வேலை செய்த நிறுவனத்தில் குஸ்தோவின் மாமனாரும் உயர்பதவி வகித்தார். அவர் மூலமாக, 1942ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் குஸ்தோ கன்யானைச் சந்தித்தார். கார் இயந்திரத்துக்கு எரிவாயு கொடுக்கும் கருவி, மனிதனின் நுரையீரலுக்குக் காற்றையும் கொடுக்கலாம் அல்லவா? இருவரும் அதை முக்குளிப்புக்கு ஏற்றவாறு மாற்றத் தொடங்கினர்.

அந்தக் கருவி வேலை செய்யும் முறை எளிமையானது. ஒரு சிறு பெட்டியின் ஒரு பக்கத்தில் மெல்லிய ரப்பர்ச் சவ்வு இருக்கும். சவ்வின் வெளிப்புறம் நீர். உட்புறம் சுவாசிக்கும் காற்று. மூச்சை உள்ளிழுத்ததும் பெட்டிக்குள் அழுத்தம் குறையும். உடனே நீர் அந்தச் சவ்வை உள்நோக்கித் தள்ளும். சவ்வு ஒரு நெம்புகோலை அழுத்த, வால்வு திறந்து உருளையிலிருந்து காற்று வரும். உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமானதும் வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஆழம் கூடக்கூட, நீரே சவ்வை மேலும் அழுத்தித் தேவையான அழுத்தத்தில் காற்றைப் பெற்றுத் தரும்.

1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாரிஸ் நகருக்கு அருகில் ஓடும் மார்ன் ஆற்றில் குஸ்தோ அந்தக் கருவியைச் சோதித்தார். கிடையாக நீந்தியபோது காற்று சீராக வந்தது. ஆனால், நிமிர்ந்து நின்றபோது காற்று குமிழிகளாக வெளியேறி வீணானது. தலைகீழாகத் திரும்பியபோது மூச்சை இழுப்பதே கடினமானது. இருவரும் ஏமாற்றத்தோடு திரும்பினர். எனினும், முயற்சியைக் கைவிடவில்லை, காரணத்தை ஆராய்ந்தனர். மூச்சுக்காற்று வெளியேறும் துளை ஓரிடத்திலும் சீராக்கி வேறிடத்திலும் இருந்தன. நிமிர்ந்து நிற்கும்போது இரண்டுக்கும் இடையே ஒரு சாணுக்கும் குறைவான உயர வேறுபாடே இருந்தது. அந்தச் சிறிய வேறுபாடு தந்த நீரழுத்தமே கருவியைத் தடுமாறச் செய்தது. வெளியேற்றும் துளையைச் சீராக்கிக்கு அருகிலேயே அமைத்ததும் சிக்கல் தீர்ந்தது.

அதே ஆண்டு கோடையில், பிரான்சின் தெற்குக் கடற்கரையில் உள்ள பந்தோல் என்ற ஊரில் திருத்தப்பட்ட கருவியோடு குஸ்தோ கடலில் இறங்கினார். அவருடைய மனைவி சிமோன் நீர்மட்டத்தில் நீந்தியபடியே அவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆபத்து நேர்ந்தால் காப்பாற்றத் துமா கரையில் ஆயத்தமாக இருந்தார். குஸ்தோ நிமிர்ந்து நின்றார், குட்டிக்கரணம் போட்டார், தலைகீழாகவும் நின்று பார்த்தார். காற்று தடையின்றி வந்துகொண்டே இருந்தது. குழாயோ கயிறோ இன்றி, மீனைப் போல அவர் எல்லாத் திசைகளிலும் நீந்தினார். ‘அக்குவா லங்’, அதாவது ‘நீர் நுரையீரல்’ என்ற பெயரில் அந்தக் கருவி பின்னர் உலகெங்கும் பரவியது.

போருக்குப் பின், பழைய கண்ணிவாரிக் கப்பல் ஒன்றை ஆய்வுக் கப்பலாக மாற்றி, ‘கலிப்சோ’ என்னும் அந்தக் கப்பலில் குஸ்தோ பல கடல்களுக்குப் பயணம் செய்தார். அவர் எடுத்த படங்கள் கோடிக்கணக்கான மக்களுக்குக் கடலடி உலகைக் காட்டின. 1960ஆம் ஆண்டில், அணுக்கழிவுகளை மத்தியதரைக் கடலில் கொட்டும் திட்டத்தை அவர் வெளிப்படையாக எதிர்த்தார்.

இந்தக் கதையில் ஒரு திருப்பமும் உண்டு. முதுகில் சுமக்கும் உருளையில் உள்ள காற்று சிறிது நேரத்திற்கே போதும். நீரடியில் பல மணி நேரம் வேலை செய்பவருக்கு மேலிருந்து வரும் குழாயே ஏற்றது. 1962ஆம் ஆண்டில், மார்செய் நகருக்கு அருகே 10 மீட்டர் ஆழத்தில் குஸ்தோ ஓர் இரும்பு வீட்டை இறக்கினார். அதில் இருவர் ஒரு வாரம் தங்கினர். அந்த வீட்டுக்குக் காற்று எப்படிச் சென்றது? மேலிருந்து குழாய் வழியாகத்தான்!

இன்று, துறைமுகங்களில் கப்பலின் அடிப்பகுதியைச் சோதிக்கும் தொழில்முறை முக்குளிப்பாளர்கள் பலரும் மேலிருந்து காற்றைப் பெறுகின்றனர். ஸ்கூபா சீராக்கியில் இரு பகுதிகள் உண்டு. உருளையோடு இணைந்த முதற்பகுதி காற்றின் மிகுந்த அழுத்தத்தைக் குறைக்கும். வாயில் வைக்கும் இரண்டாம் பகுதி மூச்சுக்கு ஏற்பக் காற்றைத் தரும். மேலிருந்து குறைந்த அழுத்தத்தில் காற்று வருமானால், இரண்டாம் பகுதியை மட்டும் குழாயோடு இணைத்துப் பயன்படுத்தலாம். ஆனால், வெறுமனே இணைத்தால் போதாது. குழாயில் அழுத்தம் குறைந்தால் மூச்சு இழுப்பது கடினமாகும். கூடினால் காற்று கசிந்துகொண்டே இருக்கும். எனவே, சீராக்கியின் சுருள்வில்லை அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும். முக்குளிப்பவர் ஆழமாகச் செல்லச் செல்ல, மேலே இருப்பவர் காற்றின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இந்த வேலைகளைத் தகுந்த பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும்.

குழாய் மீண்டும் வந்தது. ஆனால், பழைய ஆபத்தோடு வரவில்லை. முக்குளிப்பவரின் பக்கத்தில் ஒருவழி வால்வு பொருத்தப்படுகிறது. குழாய் அறுந்தால் அது உடனே மூடிக்கொண்டு, காற்று திரும்பி ஓடாமல் தடுக்கும். குஸ்தோவின் தொண்டை அன்று செய்த வேலையை இன்று அந்தச் சிறு வால்வு செய்கிறது. முதுகில் அவசரத்துக்கென ஒரு காற்று உருளையும் இருக்கும். குழாயிலிருந்து விடுபட நினைத்தவரின் கருவி, குழாயை நம்பி வாழ்வோரின் உயிரையும் காக்கிறது.

1996ஆம் ஆண்டு ஜனவரி மாதம், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு படகு மோதியதில் கலிப்சோ மூழ்கியது. சில நாள்களில் அது மேலே தூக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1997 ஜூன் 25ஆம் நாள், தமது 87ஆம் வயதில் குஸ்தோ பாரிஸ் நகரில் காலமானார்.

சுரங்கத்துக்காக ரூக்கேரோல் செய்ததும் காருக்காகக் கன்யான் செய்ததும் கடலுக்குப் பயன்பட்டன. மார்ன் ஆற்றில் ஏற்பட்ட தோல்வி கருவியைச் செம்மைப்படுத்தியது. குழாய் அறுந்தபோது உயிர் தப்பிய இருவரின் அனுபவம், அந்த ஆபத்தை நமக்கு விளக்கிக் காட்டுகிறது. நீரில் இறங்குவதற்கு முன், ஒருவழி வால்வு சரியாக இருக்கிறதா என்று முக்குளிப்பாளர்கள் இன்றும் தவறாமல் சோதித்துப் பார்க்கின்றனர். அதற்குச் சில நொடிகளே ஆகும். ஆயினும், ஓர் உயிர் அதை நம்பியிருக்கிறது.