கப்பலில் நடுங்கிய பாதிரியார்

பயத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வைவாவில் எக்ஸ்டர்னல் நிமிர்ந்து பார்த்தாலே கைகால் உதறும். ஆனால் நான் எழுத வந்தது மரண பயத்தைப் பற்றி. அதுவும் ஒரு பாதிரியாருக்கு வந்த மரண பயம்!

ஜான் வெஸ்லி 1703-ல் இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் பாதிரியார்தான். 1709-ல் வீடு தீப்பற்றியபோது ஐந்து வயதுப் பையன் மாடி ஜன்னலில் மாட்டிக் கொண்டான். ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி இறக்கினார்கள். உடனே கூரை விழுந்துவிட்டது!

பிறகு ஆக்ஸ்போர்டில் படித்து, அங்கேயே ஆசிரியரானார். தம்பி சார்லஸ் தொடங்கிய சிறு குழுவுக்குத் தலைவரானார். ஜெபம், உபவாசம், சிறைக் கைதிகளைப் பார்ப்பது என்று எல்லாமே டைம் டேபிள்படி. மற்ற மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘மெத்தடிஸ்ட்’. அதாவது, எதையும் முறை போட்டுச் செய்கிறவன். (நம்ம ஹாஸ்டல்ல இப்படி ஒருத்தன் இருந்தா சும்மா விடுவோமா?)

1735-ல் அமெரிக்காவில் இங்கிலாந்தின் புதுக் குடியேற்றமான ஜார்ஜியாவுக்கு ஊழியம் செய்யக் கப்பலேறினார். வழியெல்லாம் புயல். தனக்குச் சாக மனசில்லை என்பதை அங்கேதான் கண்டுகொண்டார் மனுஷன். ஊருக்கெல்லாம் பரலோகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவருக்கு அங்கே போகப் பயம்!

1736 ஜனவரி 25-ல் வந்த புயல்தான் மோசம். பெரிய பாய் கிழிந்து துண்டு துண்டானது. கடல் தண்ணீர் தளத்தை மூடி உள்ளே கொட்டியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். அதே கப்பலில் மொராவியர் என்ற ஜெர்மன் கிறிஸ்தவர்கள் 26 பேர் இருந்தார்கள். மற்றவர்கள் செய்ய மறுத்த எடுபிடி வேலைகளைக் கூலி வாங்காமல் செய்து வந்த எளிய ஜனங்கள். அந்த நேரம் ஆராதனையில் சங்கீதம் பாடிக் கொண்டிருந்தவர்கள், பாட்டை நிறுத்தவே இல்லை. பயமில்லையா என்று பிறகு வெஸ்லி ஒருவரிடம் விசாரித்தார். இல்லையாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்கூட சாகப் பயமில்லையாம். ஆக்ஸ்போர்டு ஆசிரியருக்கு இது பெரிய அடி.

ஜார்ஜியாவிலும் தோல்விதான். ஒரு பெண்ணை விரும்பி, கட்டிக்கொள்ளத் தயங்கினார். அவள் வேறொருவரை மணந்த பிறகு அவளுக்குத் திருவிருந்து தர மறுத்தார். கோர்ட்டு, கேஸ் என்றாகி, 1737 டிசம்பரில் கிளம்பிவிட்டார்.

லண்டனில் பீட்டர் போலர் என்ற மொராவியர் அவருக்கு எடுத்துச் சொன்னார்: சமாதானம் என்பது நோன்பு, ஒழுங்கு, நற்செயல் எல்லாம் சேர்த்துச் சம்பாதிக்கிற சம்பளம் இல்லை, கிறிஸ்துவை நம்புகிறவனுக்குச் சும்மா கிடைக்கிற ஈவு. வெஸ்லிக்கு லேசில் ஏறவில்லை. பிள்ளையிலிருந்தே கணக்குப் பார்த்து வாழ்ந்தவராச்சே!

1738 மே 24 மாலை, ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்துக்கு மனமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக் கொண்டிருந்தார். மணி ஒன்பதடிக்கக் கால் மணி இருக்கையில், நெஞ்சுக்குள் ஏதோ இதமாகச் சூடேறுவதை உணர்ந்தார். தன் பாவத்தையும் இயேசு சுமந்துவிட்டார் என்ற நிச்சயம் வந்தது.

இதோட கதை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. அன்று ராத்திரியே சந்தேகம் வந்தது, சந்தோஷம் எங்கே என்று. அடுத்த ஜனவரியில், தான் கிறிஸ்தவனே இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். இதை மறைக்காமல் எழுதி வைத்ததால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை. ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்றிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

1739-லிருந்து திறந்தவெளியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நடுவே பிரசங்கித்தார். 1743 அக்டோபரில் வென்ஸ்பரி என்ற ஊரில் ஒரு கும்பல் சூழ்ந்து, இழுத்து, அடித்து, கொல்லச் சொல்லிக் கூச்சல் போட்டது. தப்பி வந்தபோது சட்டைத் துணி கொஞ்சம் கிழிந்திருந்தது, கையில் சிராய்ப்பு. மனசு மட்டும் தன் படிப்பறையில் உட்கார்ந்திருந்தது போலவே இருந்ததாக எழுதினார். புயலில் நடுங்கிய அதே ஆள்தான்!

நம்ம எலெக்ட்ரிகல் பசங்களுக்கு ஒரு தகவல். 1760-ல் அவர் மின்சாரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஏழை நோயாளிகளுக்கு ஷாக் வைத்தியம் செய்ய மெஷினும் வைத்திருந்தார்!

1791 மார்ச் 2-ல், 87-வது வயதில், லண்டனில் இறந்தார். அதற்கு முந்தின நாள், உடம்பில் தெம்பே இல்லாத நிலையில், படுக்கையிலிருந்து ஒரு பாட்டை எடுத்துப் பாட ஆரம்பித்தார். சுற்றி இருந்தவர்களால் நம்ப முடியவில்லை.