தேர்வில் வென்றவருக்கு முன் இருந்த கதவுகள்: நியூயார்க் காவல்துறையில் சாமுவேல் பேட்டில்

1894-ஆம் ஆண்டு நியூயார்க் நகரக் காவல்துறையை விசாரித்த லெக்ஸோ குழு, அத்துறையின் பதவிகளுக்கு விலை இருந்ததை வெளிக்கொணர்ந்தது. காவலராகச் சேர ஏறத்தாழ 300 டாலர். கேப்டன் பதவிக்கு ஒருவர் கொடுத்த தொகை 15,000 டாலர். நகர அரசியலைக் கைக்குள் வைத்திருந்த டம்மனி ஹால் அமைப்பின் தயவில்லாமல் சீருடை கிடைக்காது என்பதே அன்றைய நிலை. மறு ஆண்டு காவல் ஆணையர் குழுவின் தலைவராக வந்த தியோடர் ரூஸ்வெல்ட், எழுத்துத் தேர்வையும் உடற்தகுதிச் சோதனையையும் வலியுறுத்தினார். பணத்தின் இடத்தில் மதிப்பெண் வந்து அமர்ந்தது. அது மெய்யான சீர்திருத்தம்தான். ஆனால் மதிப்பெண் முறையை வெறுமனே புகழ்ந்து பேசுவோர், அம்முறையின் கதவுகள் எவ்வெவ்விடங்களில் இருந்தன, அவற்றின் சாவி யார் கையில் இருந்தது என்று பார்ப்பதில்லை. அதை அறிய சாமுவேல் ஜெஸ்ஸி பேட்டில் என்ற மனிதரின் வாழ்வைப் படிக்க வேண்டும்.

பேட்டில் 1883 ஜனவரி 16 அன்று வட கரோலினா மாநிலத்தின் நியூ பெர்ன் நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தந்தை தாமஸ் கொத்தனார். மெதடிஸ்ட் சபையில் போதகராகவும் இருந்தார். இளமையில் பேட்டில் தன் முதலாளியின் பணத்தைத் திருடிப் பிடிபட்டார். தந்தையின் மீதிருந்த மதிப்பால் முதலாளி வழக்குத் தொடரவில்லை. பின்னாளில் காவலராகவும் பரோல் ஆணையராகவும் உயர்ந்த ஒருவர் ஒரே ஒரு புகாரால் சிறைக்குப் போயிருக்கக்கூடும் என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது. தெற்கில் கறுப்பின இளைஞர்கள் பலருக்கு அப்படி ஒரு மன்னிப்பு வாய்க்கவில்லை.

1890-களின் இறுதியில் அவர் வடக்கே புறப்பட்டார். அக்காலத்தில்தான், 1898-இல், அதே மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் வெள்ளை இனவெறிக் கும்பல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியை ஆயுத பலத்தால் கவிழ்த்தது. வடக்கே சென்ற பேட்டிலுக்குக் கிடைத்தவை வீட்டு வேலையும் எடுபிடி வேலையுமே. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் சிவப்புத் தொப்பி அணிந்த சுமைதூக்கியாகச் சேர்ந்தார். 1905-இல் ஃப்ளோரன்ஸ் கேரிங்டனை மணந்தார். குடும்பம் பெருகியபோது, நிரந்தர ஊதியமும் ஓய்வூதியமும் உள்ள அரசு வேலையை நாடினார். தமக்கையின் கணவர் மோசஸ் காப், புரூக்ளின் தனி நகரமாக இருந்த காலத்திலேயே அங்கே காவலராகச் சேர்ந்தவர். 1898-இல் ஐந்து பகுதிகளும் இணைந்து ஒரே மாநகரமான பின்னர், ஒன்றுபட்ட காவல்துறை புதிதாக ஒரு கறுப்பினத்தவரையும் எடுக்கவில்லை. சுமை தூக்கிய நேரம் போக மீதி நேரத்தில் பேட்டில் குடிமைப்பணித் தேர்வுக்குப் படித்தார்.

எழுத்துத் தேர்வு முதல் கதவு. விடைத்தாளைத் திருத்துபவருக்கு எழுதியவரின் தோல் நிறம் தெரியாது. அவர் தேறினார். இரண்டாவது கதவு மருத்துவப் பரிசோதனை. இங்கே ஆள் நேரில் நின்றாக வேண்டும். காவல்துறை மருத்துவர்கள் அவர் இதயத்தில் இரைச்சல் கேட்பதாகக் கூறித் தகுதியற்றவர் என்று எழுதினர். ஆறடிக்கும் மேல் உயரம், பயணிகளின் பெட்டிகளை நாள் முழுதும் தூக்கிச் சுமந்து இறுகிய உடல். அந்த உடலில்தான் குறை கண்டார்கள். கறுப்பினத் தலைவர்களும் பத்திரிகைகளும் இதைச் சும்மா விடவில்லை. மறுபரிசோதனை நடந்தது. அதே இதயம் இம்முறை நலமாக இருப்பதாகச் சான்று வந்தது. 1911 ஜூன் 28 அன்று, ரைன்லாண்டர் வால்டோ ஆணையராக இருந்தபோது, பேட்டில் காவலராக நியமிக்கப்பட்டார்.

மருத்துவச் சான்றில் இனம் என்ற சொல் எங்கும் இல்லை என்பதைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். பாகுபாட்டுக்கு எதிரான வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது இப்படிப்பட்ட தூய தாளைத்தான். ஒரு தகுதித் தேர்வில் எந்தக் கட்டத்தில் ஒரு தனி மனிதரின் விருப்புரிமை நுழைகிறதோ, அந்தக் கட்டத்தைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

மேற்கு 68-ஆம் தெருக் காவல் நிலையத்தில் பணிக்குச் சேர்ந்தவருக்கு அங்கிருந்த வெள்ளைக் காவலர்கள் அளித்த வரவேற்பு மௌனம். ஏறத்தாழ ஓராண்டு அவரிடம் யாரும் பேசவில்லை. அக்காலத்தில் காவலர்கள் முறை வைத்து நிலையத்திலேயே இரவு தங்க வேண்டும். பொதுப் படுக்கை அறையில் அவருக்கு இடமில்லை. கொடிகளை வைக்கும் பரணில் கட்டில் போட்டுத் தனியாகத் தூங்கினார். வெளியே தெருவில் கறுப்பினக் காவலரைப் பார்க்கவே கூட்டம் கூடியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் பெருமிதத்தோடு வந்தவர்களும் அதில் இருந்தனர். உள்ளே ஊர்விலக்கு, வெளியே காட்சிப்பொருள். ஊர்விலக்கு என்னும் சொல்லை இங்கே தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். அவரோடு பேசாதீர் என்று எந்த அதிகாரியும் எழுத்தில் ஆணையிடவில்லை. ஆணை இல்லாததால் அதை எதிர்த்து முறையிடவும் வழியில்லை. தண்ணீர்க் குழாயை மூடியவர் யார், கடையில் பொருள் தர மறுத்தவர் யார் என்று ஒவ்வொன்றாக மெய்ப்பிக்க வேண்டிய நிலையில் நிற்கும் நம் ஊர்களின் வழக்குகளுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

பின்னர் ஹார்லெமுக்கு மாற்றப்பட்டார். கறுப்பின மக்கள் பெருந்தொகையாகக் குடியேறிக்கொண்டிருந்த பகுதி அது. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, அதற்கு அடுத்திருக்கும் அப்பகுதியின் தெருக்களில் பேட்டில் ரோந்து சென்றுகொண்டிருந்தார். 1913-இல் இன்னொரு கறுப்பினத்தவரான ராபர்ட் ஹோம்ஸ் காவலராகச் சேர்ந்தார். 1917-இல் பணியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். சீருடையின் ஆபத்துகளில் மட்டும் சமத்துவம் விரைவாகவே வந்துவிட்டது.

மூன்றாவது கதவு பதவி உயர்வு. சார்ஜென்ட் தேர்வுக்குப் பயிற்சி தர ஒரு தனியார் பள்ளி இருந்தது. அங்கே படித்தவர்களே பெரும்பாலும் தேறினர். பேட்டிலுக்கு அங்கே இடமில்லை. 1919-இல் ஹார்லெமில் மூண்ட ஒரு கலவரத்தில், கூட்டத்திடம் சிக்கிய வெள்ளைக் காவலர் ஒருவரை அவர் மீட்டார். அதன் பிறகே சக காவலர்கள் அவரைப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துக்கொள்ள இசைந்தனர். ஒரு வெள்ளையரின் உயிரைக் காப்பாற்றி, தேர்வுக்குப் படிக்கும் உரிமையைப் பெற்ற மனிதர் அவர். மற்றவர்கள் கட்டணம் செலுத்தி அதைப் பெற்றார்கள்.

தேறினால் மட்டும் போதுமா? நியூயார்க் மாநிலக் குடிமைப்பணிச் சட்டத்தில் மூவரில் ஒருவர் என்ற விதி உண்டு. தேர்ச்சிப் பட்டியலில் மேலே உள்ள மூவரில் எவரையும் அதிகாரி தேர்ந்தெடுக்கலாம். முதலில் உள்ளவரைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விடுபட்டவருக்குக் காரணம் சொல்லும் வழக்கமும் இல்லை. பட்டியலுக்கு ஆயுட்காலம் உண்டு. அது முடிந்தால் மறுபடி தேர்வெழுத வேண்டும். இந்த விதியின் கூர்மையை நன்கு அறிந்தவர் ஆணையர் ரிச்சர்ட் என்ரைட். அவர் லெப்டினன்ட்களின் சங்கத் தலைவராக இருந்தபோது, கேப்டன் பதவிக்குரிய பட்டியலில் முன்னணியில் இருந்தும், அப்போதைய ஆணையர் ஆர்தர் வுட்ஸ் அவரை மூன்று முறை தாண்டிச் சென்றார். அந்த அநீதியைச் சுமந்தவர் 1918-இல் தாமே ஆணையராகி, 1925 முடியும்வரை எட்டு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். அந்த எட்டு ஆண்டுகளில் பேட்டில் சார்ஜென்ட் ஆகவில்லை. தான் அடிபட்ட கோலை ஒருவர் கீழே போடுவார் என்று எதிர்பார்ப்பதற்கு வரலாற்றில் ஆதாரம் குறைவு.

1926-இல் ஜார்ஜ் மெக்லாலின் ஆணையராக வந்தார். அந்த ஆண்டே பேட்டில் சார்ஜென்ட் ஆனார். நியூயார்க் காவல்துறையின் முதல் கறுப்பின சார்ஜென்ட். பணியில் சேர்ந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1935 ஜனவரியில், லா கார்டியா மேயராக இருந்தபோது, முதல் கறுப்பின லெப்டினன்ட் ஆனார். அப்போது அவர் வயது 52. தகுதி கூடியதால் கதவு திறந்தது என்று இதை வாசிப்பது பிழை. தகுதி முன்பே இருந்தது. சாவி வைத்திருந்த ஆள் மாறினார். சட்டத்தைவிட ஆளை நம்பி நிற்கும் நியமன முறையின் நோய் அதுதான். நம் நாட்டில் பதவி உயர்விலும் இடஒதுக்கீடு தர 1995-இல் 77-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால் 16(4ஏ) பிரிவைச் சேர்க்க நேர்ந்ததும், அதன் பிறகும் வழக்குகள் ஓயாததும் இந்நோய் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று எனக் காட்டுகின்றன.

லெப்டினன்ட் ஆகி இரண்டரை மாதங்களுக்குள், 1935 மார்ச் 19 அன்று, ஹார்லெம் கொந்தளித்தது. 125-ஆம் தெருவில் உள்ள கிரெஸ் கடையில் ஒரு சிறு கத்தியைத் திருடியதாக லினோ ரிவேரா என்ற 16 வயதுச் சிறுவன் பிடிபட்டான். காவலர்கள் அவனை அடித்துக் கொன்றுவிட்டதாகச் செய்தி பரவியது. உண்மையில் அவன் விடுவிக்கப்பட்டிருந்தான். மூவர் இறந்தனர், கடைகள் நொறுங்கின. பேட்டில் அச்சிறுவனோடு நின்று எடுத்த நிழற்படம் பத்திரிகைகளில் வெளியானது. சிறுவன் உயிரோடு இருக்கிறான் என்று மக்கள் நம்ப, அருகில் ஒரு கறுப்பின லெப்டினன்ட் நிற்க வேண்டியிருந்தது.

அந்தப் படத்தில் அவர் வாழ்வின் சிக்கல் முழுதும் இருக்கிறது. துறைக்கு அவர் தேவைப்பட்டார். ஆனால் துறையை மாற்ற அன்று, மக்களை அமைதிப்படுத்த. வதந்தி பொய்தான். காவலர்கள் ஒரு கறுப்பினச் சிறுவனைக் கொன்றிருப்பார்கள் என்று ஊரே உடனே நம்பியதற்குப் பின்னிருந்த அனுபவம் பொய்யன்று. மேயர் அமைத்த விசாரணைக் குழுவில் சமூகவியலாளர் இ. ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் ஆய்வுப் பொறுப்பை ஏற்றார். வேலையின்மை, வீட்டு நெருக்கடி ஆகியவற்றோடு காவல்துறையின் அத்துமீறலையும் அறிக்கை கடுமையாகச் சாடியது. காவலர் மீதான புகார்களைப் பெற ஹார்லெம் குடிமக்களைக் கொண்ட குழு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. மேயர் அவ்வறிக்கையை வெளியிடவில்லை. 1936-இல் ஆம்ஸ்டர்டாம் நியூஸ் என்ற கறுப்பினப் பத்திரிகைதான் அதை மக்கள்முன் வைத்தது. பேட்டிலுக்குப் பதவி உயர்வு தந்த அதே நகர நிர்வாகம், அவரது துறையைப் பற்றிய உண்மையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது. ஒருவரை உயர்த்துவது எளிது. எல்லோரையும் கணக்குக் கேட்கும் அமைப்பை ஏற்பது அதிகாரத்துக்கு அவ்வளவு எளிதன்று.

1941-இல் பேட்டில் காவல்துறையை விட்டு நகரப் பரோல் ஆணையராகச் சென்றார். அவ்வாண்டு மறைந்த பேஸ்பால் வீரர் லூ கெரிக் வகித்த இடம் அது. 1943 ஆகஸ்டில் ஹார்லெமில் மறுபடி கலவரம் வெடித்தது. கறுப்பினப் படைவீரர் ஒருவரை வெள்ளைக் காவலர் சுட்டதே அதன் தொடக்கம். அப்போதும் மக்களை அமைதிப்படுத்த அவரையே மேயர் அழைத்தார். அதே ஆண்டு கறுப்பினக் காவலர்கள் கார்டியன்ஸ் என்ற சங்கத்தைத் தொடங்கினர். தனி மனிதராகப் பேட்டில் தாங்கியவற்றை அமைப்பாகத் திரண்டு கேட்கும் காலம் வந்தது. 1975-இல் நகரம் நிதி நெருக்கடியால் காவலர்களை நீக்கியபோது, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்ற விதியால் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் பெருமளவில் வேலையிழந்தனர். அவர்கள் பிந்திச் சேர்ந்ததற்குக் காரணம், வேலைக்குத் தொடர்பற்ற தேர்வின் மதிப்பெண் வரிசை என்று அச்சங்கம் வழக்காடியது. 1983-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பாகுபாடு காட்டும் உள்நோக்கம் மெய்ப்பிக்கப்படாததால் அவர்கள் கேட்ட இழப்பீட்டு நிவாரணத்தை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறுத்தது. உள்நோக்கத்தை எப்படி மெய்ப்பிப்பது? பரணில் தூங்கிய மனிதரிடம் எந்த ஆணைத்தாள் இருந்தது?

1951-இல் பேட்டில் ஓய்வு பெற்றார். அதற்கு முன்பே, 1949-இல், தன் வாழ்வை எழுதித் தரும்படி கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸை அமர்த்தியிருந்தார். ஹியூஸ் எழுதினார், எந்தப் பதிப்பகமும் அதை ஏற்கவில்லை. அக்கையெழுத்துப்படியைத் துணையாகக் கொண்டு ஆர்தர் பிரவுன் எழுதிய வாழ்க்கை வரலாறு 2015-இல்தான் வெளிவந்தது. 2009-இல் மேற்கு 135-ஆம் தெருவும் லெனாக்ஸ் நிழற்சாலையும் சந்திக்கும் இடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நியூயார்க் காவல்துறைக்கு முதல் கறுப்பின ஆணையராக பெஞ்சமின் வார்டு வந்தது 1984-இல். பேட்டில் நியமிக்கப்பட்டு 73 ஆண்டுகளுக்குப் பின்.

பேட்டில் 1966 ஆகஸ்ட் 7 அன்று தம் 83-ஆம் வயதில் மறைந்தார். காவலர் மீதான புகார்களை விசாரிக்க 1953 முதல் ஒரு வாரியம் இருந்தது. அதன் உறுப்பினர்கள் காவல்துறையினரே. 1966-இல் மேயர் ஜான் லிண்ட்சே அதில் நான்கு குடிமக்களையும் மூன்று காவல்துறையினரையும் அமர்த்தினார். காவலர் சங்கம் அதை எதிர்த்துப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டு சென்றது. பேட்டில் மறைந்த மூன்றாம் மாதம், நவம்பரில், நகர வாக்காளர்கள் பெரும்பான்மையாக வாக்களித்து அவ்வாரியத்தை ஒழித்தார்கள். முழுதும் குடிமக்களைக் கொண்ட வாரியம் வந்தது 1993-இல், நகரின் முதல் கறுப்பின மேயர் டேவிட் டின்கின்ஸ் காலத்தில். அவ்வாரியம் புகார்களை விசாரிக்கலாம், தண்டனையைப் பரிந்துரைக்கலாம். ஒரு காவலரை என்ன செய்வது என்ற இறுதி முடிவு காவல் ஆணையரிடமே இருக்கிறது.